ப்ராக்சியில் திறக்கிறது, நேரடியாகத் திறக்கவில்லை: ஒரே கேட்வேயில் இரண்டு வழிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஓர் இணைய லைனை அலுவலகம் முழுவதும் பகிர இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று முகவரி மாற்றம், அதாவது வெளியே போகும் பாக்கெட்டில் (தரவுத் துண்டில்) உள்முகவரிக்குப் பதிலாகப் பொது முகவரியை எழுதுவது. நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் வாயில் நாட். மற்றொன்று ப்ராக்சி சர்வர், அதாவது பயனருக்காகத் தானே வெளியே இணைப்புத் திறந்து தரவை வாங்கிக் கொடுக்கும் நிரல். எந்த வழியில் போனாலும் உள்ளே இருக்கும் எல்லாக் கணினிகளும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரியும். அதனால் இரண்டும் ஒரே வேலைதான், ஒன்று பழசு, ஒன்று புதுசு என்ற அளவில் பலர் விட்டுவிடுகிறார்கள். லைன் ஒழுங்காக ஓடும்வரை அப்படி நினைப்பதில் நட்டம் எதுவும் இல்லை. ஒரு வழியில் ஓடுவது மறு வழியில் நிற்கும்போதுதான் சிக்கல். எங்கே தேடுவது என்று தெரியாமல் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக்கும் சேவை), ஃபயர்வால், லைன் கொடுத்த நிறுவனம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டே நாள் போய்விடும்.

இங்கே பார்க்கப்போவது அப்படி ஒரு பழுது. சிறு அலுவலகங்களில் அடிக்கடி காணும் அமைப்புதான். வெளி முகவரிகளுக்கு, எடுத்துக்காட்டுக்கென்றே ஆர்எஃப்சி 5737 என்ற இணையத் தர ஆவணம் ஒதுக்கிய எண்கள் போடப்பட்டிருக்கின்றன.

அமைப்பு

உள்ளே 45 கணினிகள், 192.168.10.0/24 வலையில். கேட்வேயாக, அதாவது உள் வலைக்கும் இணையத்துக்கும் நடுவே, நிற்பது இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள ஒரு லினக்ஸ் கணினி. உள்பக்கக் கார்டின் முகவரி 192.168.10.1. வெளிப்பக்கக் கார்டு ஃபைபர் மோடத்தில் போய்ச் சேர்கிறது. மோடம் பிரிட்ஜ் நிலையில் (தரவை அப்படியே கடத்திவிடும் நிலை) இருப்பதால், லைன் நிறுவனத்துடன் இணையும் பிபிபிஓஇ நெறிமுறையின் லாகினை லினக்ஸ் கணினியே செய்கிறது. அதில் உருவாகும் பிபிபி இடைமுகத்துக்குக் கிடைத்த முகவரி 203.0.113.10. அதே கணினியில் ஸ்க்விட் ப்ராக்சி 3128 போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறது. கூடவே லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் ஒரு மாஸ்கரேட் விதி, அதுதான் நாட். அலுவலகக் கணினிகளின் பிரவுசர்களில் ப்ராக்சி போடப்பட்டிருக்கிறது. கைப்பேசிகளும், ப்ராக்சி அமைப்பே இல்லாத மென்பொருள்களும் நாட் வழியாகப் போகின்றன.

புகார்

ப்ராக்சி போட்ட பிரவுசரில் எந்தத் தளமும் நிற்காமல் திறக்கிறது. ப்ராக்சியை எடுத்துவிட்டால் சில தளங்கள் திறக்கின்றன, சில சுற்றிக்கொண்டே நிற்கின்றன. கைப்பேசிகளிலும் இதே கதை. வரி தாக்கல் செய்யும் மென்பொருள் ஒன்று சர்வருடன் பேசத் தொடங்கியதும் அப்படியே உறைந்துவிடுகிறது. ஆனால் பிங் போகிறது. தளத்தின் பெயருக்கு முகவரி கிடைக்கிறது. 443 போர்ட்டுக்கு டெல்நெட் அடித்தால் இணைப்பு உடனே கிடைக்கிறது.

முதலில் சந்தேகப்பட்டது டிஎன்எஸ். அதற்கு நியாயமும் உண்டு: ப்ராக்சி வழியில் தளத்தின் பெயரை முகவரியாக்குவது ப்ராக்சி, நாட் வழியில் அதைச் செய்வது பயனரின் கணினி. ஒன்று சரியாக இருந்து மற்றொன்று பழுதானால் இதே அறிகுறிதான் தெரியும். ஆனால் இங்கே முகவரி சரியாகவே கிடைக்கிறது, இணைப்பும் கிடைக்கிறது. அடுத்த சந்தேகம், அந்தத் தளத்தின் சர்வர் இந்த அலுவலகத்தைத் தடுக்கிறது என்பது. அதுவும் நிற்காது. இரண்டு வழியிலும் சர்வர் பார்ப்பது 203.0.113.10 என்ற ஒரே முகவரியைத்தான். ஒன்றை விட்டு மற்றொன்றைத் தடுக்க முகவரியை வைத்து முடியாது.

அப்படியானால் வேறுபாடு பாக்கெட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும். கேட்வேயின் இரண்டு பக்கமும் டிசிபிடம்ப் என்ற பாக்கெட் பதிவுக் கருவியை ஓடவிட்டு, 192.168.10.23 என்ற கணினியிலிருந்து ஒரே தளத்தை இரண்டு வழியிலும் திறந்தபோது கிடைத்த முதல் பாக்கெட்டுகள் இவை (சின் என்பது இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்; எம்எஸ்எஸ் என்பது ஒரு பாக்கெட்டில் வாங்கக்கூடிய அதிகபட்சத் தரவு):

நாட் வழி, உள்பக்கம்: 192.168.10.23:51344 → 198.51.100.20:443, சின், எம்எஸ்எஸ் 1460
நாட் வழி, வெளிப்பக்கம்: 203.0.113.10:51344 → 198.51.100.20:443, சின், எம்எஸ்எஸ் 1460

ப்ராக்சி வழி, உள்பக்கம்: 192.168.10.23:51400 → 192.168.10.1:3128, சின், எம்எஸ்எஸ் 1460
ப்ராக்சி வழி, வெளிப்பக்கம்: 203.0.113.10:38712 → 198.51.100.20:443, சின், எம்எஸ்எஸ் 1452

நாட் வழியில் இரண்டு பக்கமும் ஒரே இணைப்புதான். அனுப்பும் முகவரி மாறியது, டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை கருவிகளைக் கடக்கலாம் என்ற எண்) ஒன்று குறைந்தது, செக்சம் (பிழை சரிபார்க்கும் எண்) திருத்தப்பட்டது. டிசிபி வரிசை எண், விருப்பங்கள், உள்ளடக்கம் எல்லாம் கணினி அனுப்பியபடியே வெளியே போகின்றன. போர்ட் எண்ணைக்கூட, வேறு யாரும் அதைப் பிடித்துவைத்திருக்காவிட்டால், லினக்ஸ் அப்படியே விட்டுவிடும். ப்ராக்சி வழியில் இரண்டு தனி இணைப்புகள். முதலாவது பயனர் கணினியில் தொடங்கிக் கேட்வேயிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவதைக் கேட்வே தானே புதிதாகத் திறக்கிறது. போர்ட் வேறு, வரிசை எண் வேறு, எம்எஸ்எஸ் வேறு. இரண்டுக்கும் நடுவே பைட்டுகளை வாங்கிக் கொடுப்பது ஸ்க்விட் என்ற நிரல்.

எட்டு பைட் எங்கே போனது

பழுதின் காரணம் 1460-க்கும் 1452-க்கும் நடுவில் இருக்கிறது. ஈதர்நெட் ஒரு பாக்கெட்டில் 1500 பைட் வரை ஏற்றும். பிபிபிஓஇ அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது: அதன் சொந்தத் தலைப்புக்கு 6, பிபிபி-க்கு 2. மிச்சம் 1492. ஐபி தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20 கழித்தால் தரவுக்கு 1452. ஸ்க்விட் திறந்த இணைப்பு அந்த பிபிபி இடைமுகத்திலேயே பிறந்தது. அதனால் கேட்வேயின் கெர்னல் (லினக்ஸின் உள்மையம்) சரியான எண்ணைச் சொல்லிவிட்டது. பயனரின் கணினிக்கு வெளியே பிபிபிஓஇ இருப்பது தெரியாது. அதன் கார்டு 1500 என்கிறது, அது 1460 என்று சர்வரிடம் சொல்கிறது. நாட் அதைத் தொடவில்லை. முகவரியை மாற்றுவதுதான் அதன் வேலை, எம்எஸ்எஸ்ஸைப் பார்ப்பது அதன் வேலையல்ல.

சர்வர் அந்த 1460-ஐ நம்பி முழு 1500 பைட் பாக்கெட்டுகளை, துண்டாக்கத் தடைக் குறியுடன் அனுப்புகிறது. லைன் கொடுக்கும் நிறுவனத்தின் முனையில் 1492-தான் நுழையும். அங்கே இருக்கும் கருவி பாக்கெட்டைப் போட்டுவிட்டு, ‘துண்டாக்க வேண்டும், ஆனால் தடை இருக்கிறது’ என்ற ஐசிஎம்பி (வலையின் பிழை அறிவிப்பு நெறிமுறை) செய்தியை, வகை 3 குறியீடு 4, சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதைப் பார்த்தால் அளவைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் ஐசிஎம்பி என்றாலே ஆபத்து என்று முழுவதையும் அடைத்துவைத்திருக்கும் ஃபயர்வால்கள் இன்னும் நிறைய. செய்தி வழியிலேயே செத்துப்போகும். சர்வர் அதே பெரிய பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பும், ஒவ்வொரு முறையும் காத்திருப்பு நேரம் நீளும், பயனரின் திரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

பிங் போனதும் டெல்நெட் இணைந்ததும் இதனால்தான்: அவை சிறிய பாக்கெட்டுகள். டிஎல்எஸ் கைகுலுக்கலில், அதாவது மறையாக்கத்தைத் தொடங்கும் பேச்சில், சர்வர் தன் சான்றிதழ்த் தொடரை அனுப்பும் இடத்தில்தான் முதல் பெரிய பாக்கெட் வருகிறது. பதிவில் இதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. சர்வர் 3800 பைட் அனுப்ப வேண்டியிருந்தால் 1460, 1460, 880 என்று மூன்றாகப் பிரிக்கும். முதல் இரண்டும் தொலைந்து, 880 பைட் வால் மட்டும் வந்து சேரும். பயனரின் கணினி ‘நடுவில் காணோம்’ என்று பழைய எண்ணுக்கே மறுபடி ஏசிகே (வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை) அனுப்பும். முழு அளவு பாக்கெட் ஒன்றுகூட வராமல் வால் மட்டும் வருகிறது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம்.

உறுதிசெய்ய ஒரு பிங் போதும். துண்டாக்கத் தடையுடன் தரவு அளவை 1464 என்று கொடுத்தால் பதில் வரும். 1465 கொடுத்தால் வராது. 1464 உடன் ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்த்தால் 1492. விண்டோஸ், லினக்ஸ் இரண்டின் பிங்கிலும் இதற்கான விருப்பங்கள் உண்டு.

சில தளங்கள் மட்டும் திறந்ததில் மர்மம் எதுவும் இல்லை. ஐசிஎம்பியை உள்ளே விடும் தளங்கள் தாமாகவே அளவைக் குறைத்துக்கொண்டன. இன்னும் சில, தங்கள் பக்கத்திலேயே எம்எஸ்எஸ்ஸைக் குறைத்துவைத்திருப்பவை.

திருத்தம்

கேட்வேயைக் கடந்துபோகும் சின் பாக்கெட்டுகளில் எம்எஸ்எஸ்ஸை வழியின் அளவுக்குக் குறைக்கும் விதி ஒன்று போதும். ஐபிடேபிள்ஸில் டிசிபிஎம்எஸ்எஸ் என்ற இலக்கும் அதன் கிளாம்ப் விருப்பமும் இதற்காகவே இருக்கின்றன. விதியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஃபில்டர் அட்டவணையின் ஃபார்வர்ட் சங்கிலியில் (கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான விதி வரிசை), அனுமதிக்கும் விதிக்குக் கீழே வைத்தால் சின் பாக்கெட் மேலேயே அனுமதி வாங்கிப் போய்விடும், இந்த விதி ஒருநாளும் ஓடாது. பாக்கெட்டைத் திருத்துவதற்கான மாங்கிள் அட்டவணையின் ஃபார்வர்ட் சங்கிலியில் வைக்க வேண்டும். வெளியே போகும் இடைமுகத்துக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தவும் வேண்டாம். சர்வர் திருப்பி அனுப்பும் சின்-ஏசிகேயிலும் குறைத்தால்தான் கோப்பு ஏற்றும் திசையும் சரியாகும். விதி போட்டபின் நாட் வழியின் வெளிப்பக்கப் பதிவிலும் எம்எஸ்எஸ் 1452 என்று வந்தது. நின்றுபோன தளங்கள் திறந்தன, வரி மென்பொருளும் நகர்ந்தது.

ஒவ்வொரு கணினியிலும் எம்டியுவை, அதாவது பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, 1492 ஆக்குவது மாற்று வழி. கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியின் 26-ஆம் விருப்பத்தில் அதைக் கொடுக்கலாம், ஆனால் எல்லாக் கருவிகளும் அதை மதிப்பதில்லை. லைன் கொடுப்பவர் ஆர்எஃப்சி 4638-ஐ ஆதரித்தால் ஈதர்நெட் பக்கத்தை 1508 ஆக்கி, முழு 1500-ஐயும் மீட்கலாம்.

தடுத்தும் போகிற கணினி

பழுது தீர்ந்த பிறகு வந்த வேலை வேறு. 192.168.10.31-க்கு இணையத்தை நிறுத்தச் சொன்னார்கள். ஃபார்வர்ட் சங்கிலியில் அந்த முகவரிக்குத் தடை போடப்பட்டது. பிரவுசர் மட்டும் அசையாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டு இணைப்பு என்ற விஷயம் இங்கே மறுபடி தலைகாட்டுகிறது. ஃபார்வர்ட் சங்கிலி பார்ப்பது கேட்வேயைக் கடந்துபோகும் பாக்கெட்டை. ப்ராக்சிக்கு வருவது கேட்வேக்கே வரும் பாக்கெட்; அது இன்புட் சங்கிலி வழியாக நுழைகிறது. ப்ராக்சி வெளியே அனுப்புவது கேட்வேயின் சொந்த பாக்கெட். அது அவுட்புட் வழியாகப் போகிறது. ஃபார்வர்டில் எத்தனை விதி எழுதினாலும் ப்ராக்சி பயனரை அது தொடாது. கெர்னலில் ஐபி ஃபார்வர்டிங்கை முழுவதுமாக அணைத்துவைத்தாலும் ப்ராக்சி வேலை செய்யும். ப்ராக்சி மட்டும் போதும் என்ற வலையில் பயனர் கணினிகளுக்கு டீஃபால்ட் கேட்வேயும் வெளி டிஎன்எஸ்ஸும் கொடுக்கத் தேவையே இல்லை.

தலைகீழான தவறு இன்னும் பரவல். ஸ்க்விட்டில் தடைப் பட்டியல் நீளமாக எழுதியிருப்பார்கள், நாட் எல்லாவற்றுக்கும் திறந்திருக்கும். பயனர் பிரவுசரில் ஒரு டிக்கை எடுத்தால் பட்டியல் முழுவதும் காற்றில் போய்விடும். ப்ராக்சியைக் கட்டுப்பாட்டுக்காக வைப்பதென்றால் அலுவலக வலையிலிருந்து டிசிபி 80, 443, யுடிபி 443 ஆகியவற்றை ஃபார்வர்டில் அடைக்க வேண்டும். யுடிபி 443-ஐ மறப்பவர்கள் அதிகம். பிரவுசர்கள் பயன்படுத்தும் குயிக் நெறிமுறை அதில்தான் போகிறது.

எதைப் பார்க்க முடியும்

ஒருவர் எந்தத் தளத்துக்குப் போனார் என்று பின்னால் தெரிய வேண்டுமானால் நாட் தரும் பதிவு போதாது. அதில் இருப்பது முகவரியும் போர்ட்டும். ஒரே முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும் காலத்தில் 198.51.100.20 என்பது எதையும் சொல்லாது. ஸ்க்விட்டின் அணுகல் லாகில் தளத்தின் பெயர் இருக்கும். டிஎல்எஸ் தளங்களுக்கு பிரவுசர் முதலில் கனெக்ட் என்ற கோரிக்கையில் பெயரையும் போர்ட்டையும் ப்ராக்சியிடம் சொல்கிறது. லாகில் அது டிசிபி_டனல்/200 என்ற வரியாகப் பதிகிறது. அதற்குமேல் எந்தப் பக்கம், என்ன தேடினார் என்பது தெரியாது, உள்ளே போவது மறையாக்கப்பட்டது. இன்னொன்று: அந்த வரி எழுதப்படுவது டனல், அதாவது அந்த மறையாக்க இணைப்பு, மூடும்போது. காலை 9 மணிக்குத் திறந்து மதியம் 1 மணிக்கு மூடிய இணைப்பு, 1 மணிக்குத்தான் லாகில் வரும். நடுவில் லாகைப் பார்த்து ‘அவர் போகவே இல்லை’ என்று முடிவுகட்டக்கூடாது.

ப்ராக்சி வைத்தால் வேகம் கூடும் என்பது மறையாக்கம் இல்லாத காலத்துப் பேச்சு. டனலுக்குள் போவதை ஸ்க்விட் சேமித்துவைக்க முடியாது. இன்று கேஷுக்காக ப்ராக்சி வைப்பதில் பெரிய பயன் இல்லை. கட்டுப்பாட்டுக்கும் லாகுக்கும்தான் அது. சாதாரண ஹெச்டிடிபி கோரிக்கைகளில் இன்னொரு கசிவும் உண்டு. ஸ்க்விட் இயல்பாகவே எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற தலைப்பில் 192.168.10.23 என்று உள்முகவரியை எழுதி வெளியே அனுப்பும். வேண்டாமென்றால் அமைப்புக் கோப்பில் நிறுத்த வேண்டும்.

எது எங்கே தீரும்

இரண்டுக்கும் கொள்ளளவு வேறு வேறு இடத்தில் முட்டும். நாட் வழியில் தீர்ந்துபோவது கான்ட்ராக் அட்டவணை, அதாவது நடப்பு இணைப்புகளின் பட்டியல். நிரம்பினால் கெர்னல் லாகில் ‘அட்டவணை நிரம்பியது, பாக்கெட் கைவிடப்படுகிறது’ என்ற பொருளில் செய்தி வரும். ஏற்கெனவே உள்ள இணைப்புகள் ஓடும், புதியவை மட்டும் கிடைக்காது. லினக்ஸில், நிறுவப்பட்ட டிசிபி இணைப்பு அமைதியாக இருந்தாலும் 432000 விநாடி, அதாவது 5 நாள், அட்டவணையில் இருக்கும். ஒரு பதிலும் வராத யுடிபிக்கு 30 விநாடி.

ப்ராக்சியில் தீர்ந்துபோவது கோப்புக் கைப்பிடிகள், அதாவது திறந்த ஒவ்வொரு இணைப்புக்கும் கெர்னல் தரும் எண்கள். ஒவ்வொரு டனலுக்கும் இரண்டு வேண்டும், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வரம்பு 1024 என்றால் 500 டனல் தாங்காது. 45 கணினிகள், தலைக்கு 20 இணைப்பு என்றாலே 900 டனல், 1800 கைப்பிடி. அந்த நேரத்தில் ஸ்க்விட் புதியவர்களைக் காக்கவைக்கும். பார்ப்பவருக்கு லைன் மெதுவாகிவிட்டது போலத் தோன்றும். ஸ்க்விட்டின் கேஷ் லாகில் கைப்பிடி தீர்கிறது என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். தீர்வு, வரம்பை 8192 போன்ற அளவுக்கு ஏற்றுவது; சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பிலும் அதே வரம்பு பொருந்த வேண்டும்.

ப்ராக்சிக்குள் நுழையாதவை

ஹெச்டிடிபி ப்ராக்சி பேசுவது டிசிபி மட்டும், அதுவும் அனுமதித்த போர்ட்டுகளுக்கு. ஸ்க்விட்டின் இயல்பு அமைப்பில் கனெக்ட் கோரிக்கை 443-க்கு மட்டுமே. 8443 போர்ட்டில் ஓடும் தளம் ஒன்று டிசிபி_டினைடு/403 என்று திரும்பினால், அந்தப் போர்ட்டை எஸ்எஸ்எல் போர்ட்டுகளின் பட்டியலில் சேர்க்க வேண்டும். பிங், சிப் என்ற இணையத் தொலைபேசி நெறிமுறை, ஐபிசெக் என்ற மறையாக்க வழி எல்லாம் ப்ராக்சிக்கு வெளியே. நாட் வழியிலும் அவை சுகமாகப் போவதில்லை. ஐபிசெக்கின் இஎஸ்பி பாக்கெட்டில் போர்ட்டே கிடையாது, அதனால் அது யுடிபி 4500-க்குள் ஏறிக்கொள்கிறது. பழைய கோப்புப் பரிமாற்ற நெறிமுறையான எஃப்டிபி தன் முகவரியை உள்ளடக்கத்திலேயே எழுதுவதால் நாட்டுக்குத் தனி உதவி மாடியூல் வேண்டும்.

வரி மென்பொருள் ஏன் ப்ராக்சி வழியில் போகவில்லை என்ற கேள்வி மிச்சம் இருந்தது. பிரவுசருக்குப் போட்ட அமைப்பு அந்த விண்டோஸ் பயனருக்கு உரியது. மென்பொருளின் சர்வீஸ் சிஸ்டம் கணக்கில் ஓடுகிறது; அது பார்ப்பது வின்ஹெச்டிடிபி என்ற, கணினி முழுமைக்குமான அமைப்பை, அது தனியாக நெட்ஷ் கட்டளையில் போடப்படுவது. இப்படி ஒவ்வொரு மென்பொருளையும் தேடி அமைப்பது ப்ராக்சியின் பெரிய தொல்லை. நாட் வழியில் பயனர் பக்கத்தில் செய்ய ஒன்றுமே இல்லை. வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் நாட் முறையைத் தேர்ந்ததற்கு அது போதுமான காரணம். 1994 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 1631 அதைக் குறுகிய காலத் தீர்வு என்றுதான் அறிமுகம் செய்தது என்பது வேறு விஷயம்.

வெளியிலிருந்து உள்ளே வரும்போதும் இதே பிரிவினை. ஒரே பொது முகவரியின் 443 போர்ட்டை நாட் ஒரே ஒரு உள் சர்வருக்குத்தான் திருப்ப முடியும். இரண்டு தளங்களை வைக்க வேண்டுமானால் பெயரைப் பார்த்துப் பிரிக்கும் ரிவர்ஸ் ப்ராக்சி வேண்டும். அதற்கு விலை, உள் சர்வரின் லாகில் எல்லோரும் 192.168.10.1 என்றே தெரிவார்கள். உண்மை முகவரியைத் தலைப்பிலிருந்து எடுக்கச் சொல்லித்தர வேண்டும். போர்ட் ஃபார்வர்ட் எதுவுமே வேலை செய்யவில்லை என்றால், வெளி இடைமுகத்தின் முகவரி 100.64.0.0/10-க்குள் இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால் லைன் கொடுப்பவரே மேலே இன்னொரு நாட் வைத்திருக்கிறார். நம் கேட்வேயில் எதை மாற்றினாலும் பயனில்லை.

இப்போதைய நிலை

கைப்பேசிகள் 192.168.20.0/24 என்ற தனி வலைக்கு மாற்றப்பட்டு நாட் வழியில் மட்டும் போகின்றன. அலுவலகக் கணினிகள் ப்ராக்சியில். அவற்றுக்கு ஃபார்வர்டில் 80, 443 அடைப்பு, வரி மென்பொருளின் சர்வர்களுக்கு மட்டும் விலக்கு. கேட்வேக்கே வரும் 3128, அலுவலக வலைக்கு மட்டும் இன்புட் சங்கிலியில் திறந்திருக்கிறது. வெளி இடைமுகத்தில் அதைத் திறந்துவைத்தால் ஊரார் எல்லோரும் அந்த ப்ராக்சியைப் பயன்படுத்தத் தொடங்குவார்கள். பிரவுசர்களுக்கு, எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் பேக் கோப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது: உள்முகவரிகளுக்கு நேரடி, மற்றவற்றுக்கு ப்ராக்சி. அதில் ‘ப்ராக்சி இல்லாவிட்டால் நேரடி’ என்ற மாற்று வழி சேர்க்கப்படவில்லை. அடைப்பு இருப்பதால் அது வீண், காத்திருப்பு நேரம்தான் கூடும். அடைப்பிலும் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கும் ட்ராப்புக்குப் பதிலாக ரிஜெக்ட் போடப்பட்டது, டிசிபிக்கு ரீசெட்டுடன். தவறி நேரடியாகப் போக முயலும் மென்பொருள் உடனே பிழைச் செய்தி காட்டும், எந்த மென்பொருளுக்கு ப்ராக்சி போட மறந்தோம் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.